தடுப்பூசிக்குப் பின்னரா, தடுப்பூசியாலா?

சின்னமுத்து நோயை ஒழித்துவிட்ட நாடு என்று இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019 ஜூலையில் பிரகடனம் செய்தது. நான்கு வருடங்கள் கழிந்து, 2023 இல் அந்த நோய் மீண்டும் தலைகாட்டியது. வழமையாக ஒன்பது மாதம் நிரம்பிய பின்னர் ஏற்றப்படும் தடுப்பூசியை, அந்த வருடம் நவம்பரில், ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கும் மேலதிகமாக ஏற்ற வேண்டிய நிலைமை சுகாதார அமைச்சுக்கு ஏற்பட்டது. கொவிட் காலத்தில் தவறிப்போன கிளினிக் நாட்கள் உட்படப் பல காரணங்கள் கூறப்பட்டன. அவற்றுடன், எமது நாட்டில் முன்னர் பெரிதாகக் கேள்விப்படாத ஒரு வகைப் பெற்றோரும் பேசுபொருளாகினர். பிள்ளைக்கு ஊசியே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டவர்கள் அவர்கள். தொகையில் சிறியவர்களே. ஆனால், சின்னமுத்தைப் போன்று வேகமாகத் தொற்றும் நோயைத் தடுத்து நிறுத்த நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது பாதுகாப்புப் பெற்றிருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். சிறிய தொகையும் பெரிய ஓட்டையாகிவிடும்.

இவர்களைப் படிப்பறிவற்றவர்கள் என்று எவராவது எண்ணினால் அது பெருந்தவறு. இந்த விடயத்தில் என்னுடன் தர்க்கித்தவர்களில் அநேகமானோர் நன்றாகப் படித்தவர்கள், ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள், கையடக்கத் தொலைபேசியில் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலங்களைச் செலவிடுபவர்கள். அறியாமை அல்ல, அளவுக்கு மீறிய தகவல்தான் அவர்களை அந்த முடிவுக்குக் கொண்டுவந்திருந்தது.

2018 இல் வெல்கம் நிறுவனம் உலகளாவிய ரீதியில் நடத்திய கருத்துக் கணிப்பொன்று இதையே வேறு விதத்தில் காட்டியது. தடுப்பூசிகள் பாதுகாப்பானவை என்று தெற்காசியாவில் 95 சதவீதமானோர் கூறினர். மேற்கு ஐரோப்பாவில் அவ்வாறு கூறியோர் 59 சதவீதம் மாத்திரமே. லூயி பாஸ்டரின் தேசமான பிரான்ஸில் மூன்றில் ஒருவர் தடுப்பூசிகள் பாதுகாப்பானவை என்பதை ஏற்றுக்கொள்ளவில்லை. பங்களாதேஷின் கிராமத்துத் தாயை விடவும் பாரிஸ் நகரத்துத் தாய்க்குத் தகவல் கிடைக்கும் வழிகள் அதிகம் என்பதை எவரும் மறுக்கப் போவதில்லை. எனவே தகவலின் அளவுக்கும் நம்பிக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தகவல் யாருடைய கையிலிருந்து வருகிறது என்பதே கேள்வி.

இலங்கையைப் பொறுத்தவரை அந்தக் கை குடும்பநல மருத்துவ மாதுவின் கை. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்ட காலம் தொட்டு வளர்ந்துவந்த ஒரு முறைமை இது. ஏறக்குறைய மூவாயிரம் முதல் ஐயாயிரம் பேர் வரை வசிக்கும் ஒரு பிரதேசத்துக்கு ஒரு மருத்துவ மாது. கர்ப்பிணியைப் பதிவு செய்பவர் அவரே, பிரசவத்துக்குப் பின்னர் வீட்டுக்கு வந்து பார்ப்பவரும் அவரே, பிள்ளையை நிறுத்துக் கொப்பியில் புள்ளி இடுபவரும் அவரே. பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று தாய் கேட்பது அவரிடம்தான். கணவன் குடித்துவிட்டு வந்து அடிப்பதைச் சொல்லி அழுவதும் பல சமயங்களில் அவரிடம்தான். இத்தனைக்கும் பிறகு, "இரண்டாம் மாதத்து ஊசிக்குப் பிள்ளையைக் கொண்டுவாங்கோ" என்று அவர் சொன்னால், தாய் ஆராய்ச்சிக் கட்டுரை தேடப் போவதில்லை. 1978 இல் ஆரம்பிக்கப்பட்ட விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் இந்த நாட்டில் அடைந்த வெற்றியின் இரகசியம் இதுவே. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி என்ற சொற்களின் பொருளை இன்றைய இளந்தாய்மாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதும் அதனால்தான்.

எமது மக்களின் மரபான நம்பிக்கைகள் இதற்கு இடையூறாக இருந்ததில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். இலங்கையில் அம்மைப்பால் குத்துதல் 1802 இலேயே ஆரம்பமாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அம்மை வந்தால் இன்றும் அதை 'அம்மாள் வருத்தம்' என்றுதான் சொல்வார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். சுகமானதும் அம்மன் கோயிலுக்குப் பொங்குவார்கள். அதே தாய்மார் குறித்த திகதியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கும் போவார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு முரண்பாடு இருப்பதாக அவர்களில் எவரும் என்னிடம் கூறியதில்லை.

போர்க்காலத்தை எண்ணிப் பார்க்கிறேன். அரசாங்க வானொலி எட்டு மணி என்று சொன்னால் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளும் மக்களாக வடக்கு, கிழக்குத் தமிழர்கள் இருந்த காலம் அது. கொழும்பிலிருந்து வரும் எந்த அறிக்கையையும் அவர்கள் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்கு அவர்களுக்குப் போதிய காரணங்கள் இருந்தன. ஆனால், அதே கொழும்பிலிருந்து, அதே அரசாங்கத்தின் சுகாதார அமைச்சு குளிர்ப்பெட்டிகளில் அனுப்பிய சொட்டு மருந்தைத் தங்கள் பிள்ளைகளின் வாயில் விடுவதற்கு அவர்கள் சம்மதித்தார்கள். 1990களின் நடுப்பகுதியில் போலியோ சொட்டு மருந்து வழங்கும் தினங்களில் இரு தரப்பும் துப்பாக்கிகளை மௌனிக்கச் செய்தன. 'அமைதி நாட்கள்' என்று அவற்றுக்குப் பெயர். யுனிசெப் அதற்குத் துணைநின்றது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல் பதிவானார். போரில் சிக்குண்ட ஒரு நாடு, சமாதானத்தில் வாழ்ந்த பல நாடுகளுக்கு முன்னரே அந்த நோயை விரட்டியது. சமாதானப் பேச்சுவார்த்தைகளைப் பற்றி ஆயிரக்கணக்கான பத்திகள் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தச் சிறிய இணக்கப்பாட்டைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்?

இனி, நம்பிக்கை ஆட்டம் கண்ட சந்தர்ப்பங்களுக்கு வருகிறேன். இங்கேதான் எனது தொழிலைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசி இலங்கையில் அறிமுகப்படுத்தப்பட்டது. முதல் சில மாதங்களில், ஊசி ஏற்றப்பட்ட பின்னர் குழந்தைகள் சிலர் இறந்த சம்பவங்கள் பதிவாகவே அந்தத் தொகுதி மருந்து நிறுத்தப்பட்டது. 2009 ஏப்ரலில் மேலுமொரு மரணம் நிகழ்ந்தபோது அந்தத் தடுப்பூசியின் பாவனையே இடைநிறுத்தப்பட்டது. சுயாதீனமான நிபுணர்கள் ஆராய்ந்த பின்னர் 2010 இல் அது மீண்டும் கொண்டுவரப்பட்டது. இதற்கிடையில், 2009 ஜனவரியில், மாத்தறையில் பாடசாலையொன்றில் ருபெல்லா தடுப்பூசி ஏற்றப்பட்ட மாணவி ஒருவர் உயிரிழந்தார். வேறு மாணவிகளும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். வன்னியில் கிளிநொச்சி வீழ்ந்து, கொழும்பில் லசந்த விக்கிரமதுங்க நடுவீதியில் கொல்லப்பட்ட மாதம் அது. தமிழ்ப் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் வேறு செய்திக்கு இடமே இல்லாத அந்த நாட்களிலும் மாத்தறைச் செய்தி இடம்பிடித்துக்கொண்டது.

ஆசிரிய பீடத்தில் பல வருடங்களாக அமர்ந்திருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். 'தடுப்பூசி ஏற்றப்பட்ட மாணவி மரணம்' என்ற தலைப்பில் பொய் ஒரு சொல்கூட இல்லை. மாணவிக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டது உண்மை. அவர் மரணமானதும் உண்மை. ஆயினும் 'ஏற்றப்பட்ட' என்ற அந்தப் பெயரெச்சம் காதும் காதும் வைத்தாற்போல ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறது. வாசகர் அதைத் 'தடுப்பூசியால் மரணம்' என்றே வாசிக்கிறார். 'பின்னர்' என்று போட்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. தமிழில் 'பின்னர்' என்ற சொல் காலத்தைக் குறிப்பது. தலைப்பில் பெரிய எழுத்தில் அமர்ந்துவிட்டால் அது காரணத்தைக் குறிக்கத் தொடங்கிவிடும். இரவு பதினொரு மணிக்கு, அச்சுக்குப் போக அரை மணி நேரம் இருக்கையில், தேநீர்க் கடைக்குப் போன பக்க வடிவமைப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கும் உதவி ஆசிரியர் இந்த இலக்கண நுணுக்கத்தை எண்ணிப் பார்க்க மாட்டார். தலைப்புக்கு மூன்று பத்தி இடம் உண்டு. நான்கு சொற்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அவ்வளவுதான்.

அந்த வருடங்களில் இலங்கையில் ஆண்டுதோறும் மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் இந்த ஊசி ஏற்றப்பட்டால், வருடத்துக்குப் பத்து இலட்சம் ஊசிகளுக்கும் மேல். அதே வருடங்களில் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய பத்துப் பேர் ஒரு வயதை எட்டுவதற்கு முன்னர் ஏதோ ஒரு காரணத்தால் இறந்தார்கள். இவ்விரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தக் குற்றமும் இல்லாத ஊசிக்கு மறுநாளும் ஒரு குழந்தை இறப்பது தவிர்க்க முடியாதது என்பது விளங்கும். அதேவேளை, உண்மையிலேயே ஊசியால் கடுமையான ஒவ்வாமை ஏற்படுவதும் உண்டு. பத்து இலட்சம் ஊசிகளில் ஒன்று என்ற அளவில் அது நிகழ்கிறது. எது எது என்று பிரித்தறிவதற்குப் பிரேத பரிசோதனை வேண்டும், மருந்துத் தொகுதியின் ஆய்வு வேண்டும், நாட்கள் வேண்டும். நாளேட்டுக்கோ ஒரு இரவு மாத்திரமே இருக்கிறது.

செய்தியை வெளியிடக்கூடாது என்று நான் கூற வரவில்லை. மரணத்தை மறைத்தால் அது ஊர்வாயில் பத்து மரணமாகும். நான் கூற வருவது, விசாரணை முடிந்து அறிக்கை வரும்போது அது எங்கே போகிறது என்பதைப் பற்றி. முதற்பக்கத்தில் மரணம், ஆறு மாதங்களுக்குப் பின்னர் ஏழாம் பக்கத்தின் அடியில், தங்க நகை விளம்பரத்துக்கு மேலே, முடிவு. நடிகர் விவேக்கின் மரணத்தை உலகத் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஏப்ரல் 15 ஆம் திகதி சென்னையில் அவர் பொதுமக்களுக்கு முன்மாதிரியாகக் கொவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17 ஆம் திகதி அதிகாலை காலமானார். அன்று காலையிலேயே அந்தச் செய்தி யாழ்ப்பாணம், ரொறன்ரோ, சிட்னி என்று எல்லா இடங்களிலும் 'ஊசியால்' என்றே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்ற இந்திய நிபுணர் குழுவின் முடிவு அதே வருடம் ஒக்டோபரில் வெளியானது. அந்த முடிவு பற்றி எனது நண்பர்கள் வட்டத்தில் விசாரித்துப் பார்த்தேன். பத்துப் பேரில் இருவர் கேள்விப்பட்டிருந்தனர்.

வெள்ளையர்களின் பத்திரிகைகள் இதில் எம்மை விட மேலானவை என்று எண்ண வேண்டாம். 1998 இல் பன்னிரண்டு பிள்ளைகளை மாத்திரம் வைத்துக்கொண்டு, சின்னமுத்துத் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு அன்ட்ரூ வேக்பீல்ட் என்ற வைத்தியர் 'லான்செட்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவை இங்கிலாந்துப் பத்திரிகைகள். அந்தக் கட்டுரையின் பின்னால் இருந்த மோசடியையும் பணத்தையும் 2004 முதல் அம்பலப்படுத்தியவரும் ஒரு பத்திரிகையாளரே: 'சண்டே ரைம்ஸ்' பத்திரிகையில் எழுதிய பிரையன் டீர். கட்டுரை 2010 பெப்ரவரியில் வாபஸ் பெறப்பட்டது; வேக்பீல்ட் அதே வருடம் மே மாதத்தில் வைத்தியப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். இடைப்பட்டது பன்னிரண்டு வருடங்கள். அந்தக் கட்டுரையின் நிழல் இன்னமும் லண்டன் தமிழ்க் குடும்பங்களின் வரவேற்பறைகளில் நிற்கிறது என்பதை அங்கு சென்றபோதெல்லாம் கண்டிருக்கிறேன்.

அந்த நிழல் லண்டனில் மாத்திரம் நின்றுவிடுவதில்லை. 2021 மே இறுதியில் யாழ்ப்பாண மாவட்டத்துக்குச் சீனாவின் சினோபார்ம் தடுப்பூசிகள் வந்து சேர்ந்தன. அந்த நாட்களில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி கடல்கடந்தவை. "அண்ணை, உந்தச் சீன ஊசியை அவசரப்பட்டுப் போட்டுடாதேங்கோ. கொஞ்சம் பொறுத்தால் பைசர் வரும். இஞ்சை எல்லாரும் அதைத்தான் போடினம்" என்றார் பாரிஸிலிருந்து ஒருவர். அவர் என்மீது கொண்ட அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால், தான் ஏற்கெனவே இரண்டு ஊசிகளையும் போட்டுக்கொண்டு, ஊசியே கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்குப் பொறுத்திருக்குமாறு ஆலோசனை கூறுவதில் உள்ள விசித்திரம் அவருக்குப் புலப்படவில்லை. ஊரில் அந்த அழைப்புக்கு மருத்துவ மாதுவின் சொல்லை விட மதிப்பு அதிகம். காசு அனுப்புபவரின் சொல்லல்லவா!

புலம்பெயர்ந்தோரை மாத்திரம் குறை கூறிவிட்டு ஆட்சியாளர்களைத் தப்பவிடுவது நியாயமாகாது. 2020 டிசம்பரில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர், காளி தேவி அருளியதாகக் கூறிய பாணியொன்றைக் கொவிட்டுக்கு மருந்து என்று அறிவித்தார். அந்தப் பாணியை அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாக அருந்தினார். ஆயிரக்கணக்கானோர் கேகாலைக்குத் திரண்டனர். மறுமாதம் அமைச்சருக்கே தொற்று உறுதியானது. சுகாதார அமைச்சரின் செயலை விடப் பெரிய 'தகவல்' வேறென்ன இருக்க முடியும்? அதே காலத்தில், கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் புதைப்பதற்கு அனுமதி மறுத்து, உலக சுகாதார நிறுவனம் இரண்டுமே பாதுகாப்பானவை என்று கூறியிருந்தும், எரிக்கவே வேண்டும் என்று அரசாங்கம் விடாப்பிடியாக நின்றது. 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்ட அந்த விதி 2021 பெப்ரவரியில்தான் மாற்றப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. விஞ்ஞானத்தின் பெயரால் தனது தந்தையின் உடலைப் பறித்தவர்கள், அதே விஞ்ஞானத்தின் பெயரால் ஊசியை நீட்டும்போது ஒருவர் கையைப் பின்னிழுத்தால் அவரை எந்த முகத்துடன் மூடநம்பிக்கையாளர் என்று அழைப்பது?

சிங்கள மக்களிடையே பரப்பப்பட்ட மலட்டுத்தன்மைப் பீதியும் இதே வயலில் விளைந்ததுதான். 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகக் கூறித் தாக்குதல் நடத்தப்பட்டது. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் அது வெறும் மாக்கட்டி என்றார். 2019 மே மாதத்தில், சிங்களத் தாய்மார் நாலாயிரம் பேருக்கு முஸ்லிம் வைத்தியர் ஒருவர் இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று சிங்கள நாளேடொன்று முதற்பக்கத்தில் எழுதியது. குருநாகல் வைத்தியசாலையில் கடமையாற்றிய டொக்டர் ஷாபியைச் சிறைக்கு அனுப்பிய அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2022 இல் மீண்டும் சேவையில் அமர்த்தப்பட்ட அவர், தனக்குச் சேரவேண்டிய நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்குவதற்கென்று சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். ஆனால், 2021 இல் கொவிட் ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தி இளைஞர்களிடையே பரவியபோது அதற்கான நிலம் ஏற்கெனவே உழுது பண்படுத்தப்பட்டிருந்தது. அதை உழுதவற்றில் ஒன்று பேஸ்புக் அல்ல, அச்சுப் பத்திரிகை என்பதைப் பத்திரிகையாளர்கள் மறந்துவிடக்கூடாது.

சந்தேகிப்பவர்களிடம் எரிந்துவிழுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2023 இல் அரசாங்க வைத்தியசாலைகளுக்குத் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து விநியோகிக்கப்பட்ட விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அது தடுப்பூசியல்ல. ஆனால், மடியில் பிள்ளையுடன் கிளினிக் வாங்கில் அமர்ந்திருக்கும் தாய்க்கு இரண்டும் போத்தலில் வரும் மருந்துதான். "இது நல்ல மருந்துதானா, மிஸ்?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு அரசாங்கத்துக்கு இருக்கிறது.

பதில் எந்த மொழியில்? சுகாதார அமைச்சின் தொற்றுநோய் விஞ்ஞானப் பிரிவு வாராந்தம் அறிக்கை வெளியிடுகிறது. மெச்சத்தக்க பணி, தடுப்பூசிக்குப் பின்னரான பாதகமான விளைவுகள் பற்றிய விபரங்களையும் அந்தப் பிரிவு ஒளிக்காமல் பதிவு செய்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில், வைத்தியர்களுக்காக எழுதப்படுவது. ஒரு மரணம் நிகழ்ந்த அன்று மாலைக்குள், என்ன தெரியும், என்ன இன்னமும் தெரியாது, எப்போது தெரியவரும் என்ற மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் எழுதி, முதலில் அந்தப் பிரதேசத்து மருத்துவ மாதுவின் கையில் கொடுத்தால் என்ன? இப்போது நடப்பது என்னவென்றால், பத்திரிகையில் வாசித்துவிட்டுத் தாய் வந்து கேட்கும்போதுதான் அவருக்கே விடயம் தெரியவருகிறது. பத்திரிகை ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மரணச் செய்தி எந்தப் பக்கத்தில் வந்ததோ, விசாரணை முடிவும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரட்டும். முடிவு ஊசிக்கு எதிராக இருந்தாலும்கூட.

ஆனால், இவை எல்லாவற்றுக்கும் அந்த மருத்துவ மாது தனது இடத்தில் இருக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் நாட்டை விட்டு வெளியேறிய கதையை எல்லோரும் எழுதினார்கள். மருத்துவ மாது வெற்றிடங்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஒருவர் இரண்டு பிரதேசங்களைப் பார்க்க வேண்டி ஏற்பட்டால், ஊசி ஏற்றும் நாள் தவறாமல் நடக்கும்; குளிர்ப்பெட்டியும் வந்துசேரும். நடக்காமல் போவது, பிரசவித்த வீட்டுக்கு அவர் சைக்கிளில் போய்க் கால்மணி நேரம் அமர்ந்து பேசுவதுதான். அந்தக் கால்மணி நேரத்தில் தாயின் கையில் இப்போது தொலைபேசி இருக்கிறது.